மொரிசியஸில் மொரிசியஸ் செடியைத் தேடி

நம் ஊர்க் கல்யாண மண்டப வாசல், ஐடி கம்பெனி புல்வெளி, கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட் என்று எங்கே போனாலும் அடிமரம் உப்பி, மேலே கழுத்து சிறுத்து, உச்சியில் நாலைந்து மட்டைகள் மட்டும் விறைப்பாக நிற்கும் ஒரு குட்டைப் பனை கண்ணில் படும். நர்சரியில் பாட்டில் பாம் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அதன் சொந்த ஊர் ரவுண்ட் ஐலண்ட். மொரிசியஸுக்கு வடக்கே சுமார் 22 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் கிடக்கும் எரிமலைத் திட்டு, மொத்தமே 2 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். உலகத்தில் வேறெங்கும் இந்தப் பனை இன்று காட்டு மரமாக இல்லை. கப்பல்காரர்கள் அங்கே விட்டுவைத்த ஆடும் முயலும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக முளைக்கிற குருத்தையெல்லாம் மேய்ந்து தள்ளியதில், 1970களில் அங்கே மிஞ்சி நின்ற பெரிய மரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதே வருடங்களில் உலகம் முழுக்கத் தோட்டங்களிலும் தொட்டிகளிலும் அதன் பிள்ளைகள் செழிப்பாக வளர்ந்துகொண்டிருந்தன.

இந்தச் செய்தியை முதலில் படித்ததிலிருந்து எனக்கு இது தீராத ஒரு கேள்வியாகவே இருக்கிறது. ஒரு செடி எங்கோ உயிரோடு இருந்தால் போதுமா? போதாது என்பதுதான் என் கட்சி. அதுவும் நடுக்கடல் தீவுச் செடிகளைப் பொறுத்தவரை கொஞ்சமும் போதாது. மொரிசியஸ் போய்வந்த பிறகு இதை இன்னும் உறுதியாகச் சொல்வேன். ஏன் என்று சொல்லத்தான் இந்த நீளமான பதிவு.

மொரிசியஸ் கடலடியிலிருந்து எரிமலையாக எழுந்து சுமார் 80 லட்சம் வருடம் ஆகிறது. பக்கத்துப் பெரிய நிலம் என்றால் மடகாஸ்கர், அதுவே 800 கிலோமீட்டருக்கு மேல். ஆக அந்தத் தீவில் மனிதன் கால் வைக்கும் முன்பு இருந்த ஒவ்வொரு செடியின் மூதாதையும் காற்றில் பறந்தோ, பறவையின் வயிற்றிலோ காலிலோ ஒட்டியோ, கடலில் மிதந்தோதான் வந்து சேர்ந்திருக்க வேண்டும். இப்படியெல்லாம் நடக்குமா என்று டார்வினுக்கே சந்தேகம் வந்து, விதைகளை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்தார். 87 வகை விதைகளில் 64 வகை 28 நாள் ஊறிய பிறகும் முளைத்தன. வந்து சேர்ந்ததில் பெரும்பாலானவை பாறையில் விழுந்து காய்ந்திருக்கும், சில பிழைத்திருக்கும், பிழைத்தவை லட்சக்கணக்கான வருடத்தில் வேறு வேறு இனங்களாகப் பிரிந்தன. இன்று கணக்கெடுத்தால் மொரிசியஸின் சொந்தப் பூச்செடிகள் ஏறக்குறைய 690 இனம். அதில் சுமார் 270 இனம் மொரிசியஸைத் தவிர உலகில் எங்குமே கிடையாது. இன்னும் சுமார் 150 இனம் பக்கத்துத் தீவுகளான ரெயூனியன், ரோட்ரிக்ஸோடு மட்டும் பங்கு போட்டுக்கொண்டவை.

யார் வரவில்லை என்பதும் முக்கியம். வௌவாலைத் தவிர வேறு பாலூட்டி எதுவும் அந்தக் கடலைத் தாண்டவில்லை. ஆடு இல்லை, மான் இல்லை, எலி இல்லை, குரங்கு இல்லை. தரையில் மேய்ந்தது ராட்சத ஆமைகள்தான். ரோட்ரிக்ஸில் 1691இலிருந்து இரண்டு வருடம் வாழ்ந்த பிரான்சுவா லெகா என்ற பிரெஞ்சுக்காரர், ஆமை முதுகுகள் மீதே நூறு எட்டுக்கு மேல் வைத்து நடந்து போகலாம் என்கிற அளவுக்குக் கூட்டம் இருந்ததாக எழுதிவைத்திருக்கிறார். செடிகள் இந்த ஆமைகளுக்கும் டோடோ போன்ற பறவைகளுக்கும் பல்லிகளுக்கும் தக்கபடி தங்களை அமைத்துக்கொண்டன. ஆட்டின் பல்லுக்கும் எலியின் பல்லுக்கும் தயாராக வேண்டிய அவசியமே அவற்றுக்கு வந்ததில்லை.

அப்புறம் 1598இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள். நம் கருங்காலியின் பங்காளி இனங்கள் அங்கே காடு காடாக நின்றன, அவற்றை வெட்டிக் கப்பலேற்றினார்கள். ஜாவாவிலிருந்து மானும் கரும்பும் கொண்டுவந்தார்கள். பன்றி, எலி, நீளவால் குரங்கு எல்லாம் ஐரோப்பியக் கப்பல்களோடுதான் இறங்கின. ஆமைகளை மாலுமிகள் உயிரோடு அடுக்கிக்கொண்டு போனார்கள், மாதக்கணக்கில் கெடாத இறைச்சி அது. பிறகு பிரெஞ்சுக்காரர்கள், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சர்க்கரை விலை ஏற ஏறக் காடு கரும்பாக மாறியது. 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாக அந்தத் தீவில் இறக்கப்பட்ட ஏறக்குறைய ஐந்து லட்சம் இந்தியர்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்து போன தமிழர்களும் உண்டு. அவர்கள் கல் பொறுக்கிக் குவித்த எரிமலைப் பாறை மேடுகள் கரும்புக் காட்டு நடுவே இன்றும் நிற்கின்றன. எந்தக் காட்டை அழிப்பது என்று முடிவெடுத்தது அவர்கள் இல்லை, அந்த மண்ணில் முதுகு ஒடிந்தது அவர்களுக்கு. இன்று நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் சொந்தக் காடு தீவின் பரப்பில் சுமார் 2 சதவீதம்தான்.

விமானத்திலிருந்து பார்த்தால் நம்பவே மாட்டீர்கள். அவ்வளவு பச்சை. ஆனால் இறங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால் கரும்பு நியூகினிப் பக்கத்துப் பயிர், கடற்கரை நெடுகச் சவுக்கு, சாலையோரம் மடகாஸ்கரின் குல்மொகர், வேலிகளில் பிரேசிலின் காகிதப்பூ, வீட்டுக்கு வீடு நம் மாமரம். பாம்பிள்மூஸ் தாவரவியல் பூங்காவில் எல்லோரும் நின்று படமெடுப்பது அமேசானின் ராட்சத அல்லி இலைகளை. அதற்கு அடுத்தபடி கூட்டம் கூடுவது வாழ்நாளில் ஒரே முறை பூத்துச் சாகும் தாளிப்பனைக்கு, அது தென்னிந்தியாவும் இலங்கையும் தந்தது. அழகான பூங்காதான், குறை சொல்லவில்லை. ஆனால் கடற்கரையில் ஒரு வாரம், பூங்காவில் ஒரு மாலை என்று இருந்துவிட்டுத் திரும்புகிறவர் அந்தத் தீவின் சொந்த மரத்தில் ஒன்றைக்கூடப் பார்க்காமலே வந்துவிட முடியும், பெரும்பாலானவர்கள் அப்படித்தான் வருகிறார்கள்.

மேட்டு நிலத்தில், பிளாக் ரிவர் கார்ஜஸ் தேசியப் பூங்காப் பக்கம் போனால் காடு இருக்கிறது. அங்கும் முக்கால்வாசி சீனக் கொய்யாக் காடு. பெயர்தான் சீனம், பூர்வீகம் பிரேசில். சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிய சிவப்புப் பழம், புளிப்பும் இனிப்பும் சேர்ந்த ருசி. எங்களை பிளேன் ஷாம்பேன் சாலைக்கு அழைத்துப்போன நண்பரின் அம்மா, காரை ஓரம் கட்டச் சொல்லி இறங்கி, மடி நிறையப் பறித்துக்கொண்டு வந்தார். உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்னக் கொடுத்தார். நான் தின்றுகொண்டே, இந்தச் செடிதான் இங்கே இருக்கிற காட்டையெல்லாம் அழிக்கிறதாமே என்று கேட்டேன். அவர் தன் பாட்டி காலத்திலிருந்து குளிர்காலமென்றால் கொய்யாப் பறிக்க வருவதுதான் வழக்கம், இதைப் பிடுங்கிவிட்டால் பிள்ளைகள் எதற்காக மலைக்கு வருவார்கள் என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. மொரிசியஸ்காரர்களுக்கு அந்தப் பழம் சின்ன வயது ஞாபகம், அதை யாரும் வில்லனாக்கிப் பேசினால் அவர்களுக்கு ஒட்டாது. ஆனாலும் அந்தப் புதருக்குள் கையை விட்டுப் பார்த்தேன். தண்டுக்குத் தண்டு இடைவெளியே இல்லை. முழங்கை வரைகூடப் போகவில்லை. கீழே வெளிச்சம் துளி கிடையாது, வெறும் சருகு. ஒரு கருங்காலி விதை அங்கே விழுந்தால் என்ன கதி என்பதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

கொய்யாவுக்குத் துணை ப்ரிவெட். மல்லிகைக் குடும்பத்துச் சிறுமரம், ரோபஸ்டம் என்ற இனம். மரபணுவைப் பார்த்ததில் மொரிசியஸிலும் ரெயூனியனிலும் பரவியிருப்பது இலங்கையிலிருந்து போனது என்று தெரியவந்திருக்கிறது. இன்னொன்று நம் மாதவிக்கொடி, குருக்கத்தி. நம் பாட்டுகளில் பந்தலேறி மணக்கிற அதே கொடிதான். அங்கே மரத்தின் உச்சிவரை ஏறி மூடி, மொத்தமாக மூச்சை அடைக்கிறது. அந்தந்தச் செடியின் மேல் பழி போடவும் முடியாது. இங்கே அதைத் தின்னப் பூச்சியும் நோயும் இருக்கின்றன, அங்கே எதுவும் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

இந்தச் சாவில் கோடரிச் சத்தமே கிடையாது என்பதால்தான் யாருக்கும் உறைப்பதில்லை. பெரிய சொந்த மரங்கள் நின்றுகொண்டே இருக்கும், பூக்கும், காய்க்கும். காய் பழுக்கும் முன்பே குரங்கு பிய்த்து எறியும். தப்பி விழுந்ததை எலி கடிக்கும், பன்றி தோண்டும். அதையும் தப்பி முளைத்தால் கொய்யா நிழலில் வெளுத்து மடியும். வயதான மரம் ஒன்று புயலில் சாயும்போது அந்த இடத்துக்கு வாரிசு ஒன்றுகூட இருக்காது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எப்போதும் பச்சை பச்சையாகவே இருக்கும்.

இதற்கு மருந்து உண்டா என்றால் உண்டு, ஆனால் அது கைவேலை. தேசியப் பூங்காவுக்குள் ப்ரீஸ் ஃபேர், லெ பெத்ரேன் போன்ற இடங்களில் சில துண்டு நிலங்களைத் தேர்ந்தெடுத்து, மானும் பன்றியும் புகாதபடி வேலி போட்டு, அந்நியச் செடிகளைக் கையால் பிடுங்குகிறார்கள். கொய்யாவை வெட்டினால் கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கும், ஆகையால் களையெடுத்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வர வேண்டும். கேட்பதற்கு இதில் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வேலியின் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கொய்யாத் தண்டுகளும் சருகும். இன்னொரு பக்கம் முழங்கால் உயரத்தில் நாற்று நாற்றாக, நடுநரம்பு சிவந்த இளம் இலைகளோடு, ஒன்றைப் போல் ஒன்று இல்லாமல், பாசி பிடித்த வேர்களுக்கு நடுவே முண்டியடித்துக்கொண்டு. யாரும் நட்டதல்ல, மரங்கள் தாங்களே போட்டது. அற்றுப்போய்விட்டன என்று கைவிட்ட செடிகள்கூட இப்படிக் களையெடுத்த இடங்களில் மறுபடி தலைகாட்டியிருக்கின்றன. எனக்குத் தெரிந்து சூழல் பாதுகாப்பில் இதைவிட நேர்மையான வேலை இல்லை.

இந்த வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, பேசுவதெல்லாம் டோடோ மரக்கதை. உங்களுக்கும் வாட்ஸப்பில் வந்திருக்கலாம். தம்பலகோக் என்று ஒரு மரம், சப்போட்டா, இலுப்பைக் குடும்பம், கல் போன்ற தடித்த கொட்டை. டோடோ பறவையின் இரைப்பையில் அரைபட்டு வந்தால்தான் அது முளைக்கும், டோடோ அழிந்ததால் 300 வருடமாக ஒரு கன்றுகூட முளைக்கவில்லை, 13 கிழ மரங்கள்தான் மிச்சம் என்று 1977இல் ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்க விஞ்ஞானி சயின்ஸ் இதழில் எழுதினார். வான்கோழிக்கு 17 கொட்டைகளைத் திணித்துக் கொடுத்தார். 10 உடையாமல் வெளியே வந்தன, மூன்று முளைத்தன. கதை உலகம் சுற்றியது. ஆனால் அரைபடாத கொட்டைகளை அதேபோல் நட்டு ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டாமா, அது நடக்கவில்லை. மொரிசியஸ் வனத்துறையைச் சேர்ந்த ஒவாதல்லி 1979இலேயே அதே இதழில் மறுப்பு எழுதினார். பறவை எதுவும் தின்னாமலே அந்தக் கொட்டை முளைக்கிறது, வனத்துறையினர் முளைக்கவைத்திருக்கிறார்கள், கொட்டையைச் சுற்றி ஓடும் கோடு ஒன்றில் தானே பிளக்கிறது, இளம் மரங்களும் இருக்கின்றன என்று. வெப்பமண்டல மரத்தில் ஒழுங்கான ஆண்டு வளையம் இல்லாததால் 300 வயது என்ற கணக்கும் நிற்காது.

எனக்கு இந்தக் கதை மேல் கோபம் உண்டு. பழி முழுவதும் 300 வருடத்துக்கு முன் செத்த பறவையின் மேல் போய்விட்டால், இன்று காயைப் பிய்க்கும் குரங்கையும் கீழே அடைத்து நிற்கும் கொய்யாவையும் யாரும் பார்க்க மாட்டார்கள். செடிக்கும் விலங்குக்கும் பிரிக்க முடியாத உறவு உண்டு என்ற அடிப்படை எண்ணம் மட்டும் சரி. அதன் உண்மையான சாட்சி வேறு இடத்தில், தென்கிழக்குக் கரையில், மாஹேபூர் பக்கத்தில் இருக்கிறது.

இல் ஓ ஸெக்ரெட் என்பது 26 ஹெக்டேர் பவளப்பாறைத் தீவு. மொரிசியஸ் வனவுயிர் அறக்கட்டளை 1980களிலிருந்து அதைக் களையெடுத்து, எலிகளை ஒழித்துப் பராமரிக்கிறது. அங்கே நிற்கும் கருங்காலி இனம் அநேகமாக அந்தத் தீவில் மட்டுமே மிஞ்சியது. கறுத்த பட்டை, பருமன் இல்லாத தண்டு, பழம் அடிமரத்தை ஒட்டியே காய்க்கும். கனமான பழம், நேராகக் கீழே விழுந்து தாய்மரத்தடியிலேயே கிடக்கும். விறகுக்காக மரங்களை வெட்டி மொட்டையாக்கிய பகுதிகளுக்கு அந்த விதையை எடுத்துப் போக ஆளில்லை, எடுத்துப் போன உள்ளூர் ராட்சத ஆமைகள் பூண்டற்றுப் போய்விட்டன. 2000ஆம் ஆண்டில் அல்டாப்ரா தீவின் ராட்சத ஆமைகளை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். தூரத்து உறவு, ஆனால் வேலை தெரிந்தவை. அவை விழுந்த பழத்தைத் தின்று, ஆடி அசைந்து நடந்து, போகிற இடத்திலெல்லாம் சாணமிட்டன. வெட்டி மொட்டையான இடங்களில் கன்றுகள் கூட்டம் கூட்டமாக முளைத்தன. ஆமை வயிற்றில் போய்வந்த விதை மற்ற விதையைவிட நன்றாக முளைக்கிறது என்று 2011இல் ஆய்வாகவும் வெளியிட்டார்கள். எங்களுக்கு வழிகாட்டியாக வந்த இளைஞர் பாதையோரம் கிடந்த காய்ந்த ஆமைச் சாணத்தை ஒரு குச்சியால் கிளறிக் காட்டினார். வைக்கோல் போன்ற நாருக்குள் வழவழப்பான பழுப்பு விதைகள், முழுசாக. அருகிலேயே இரண்டு இலை விட்ட கன்று ஒன்று. பத்தடி தள்ளி அந்த வேலையைச் செய்தவர் ஓட்டுக்குள் பாதித் தலையை இழுத்துக்கொண்டு படுத்திருந்தார்.

ரவுண்ட் ஐலண்டிலும் இதே வரிசைதான். 1979க்குள் ஆடுகளை அகற்றினார்கள், 1986இல் நியூசிலாந்தின் டான் மெர்ட்டன் தலைமையில் முயல்கள் ஒழிக்கப்பட்டன. பாட்டில் பனையும் மற்றப் பனைகளும் தாழையும் தானாகக் கன்று விட ஆரம்பித்தன. கூடவே களைகளும் கிளம்ப, மேய்வதற்கு 2007இலிருந்து ஆமைகள் வந்தன.

பல்லிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மொரிசியஸ் செடிகளைப் பற்றிச் சொன்னதாகவே ஆகாது. அங்கே பகலில் உலவும் பச்சைப் பல்லிகள் உண்டு, நீல வால், முதுகில் சிவப்புப் புள்ளிகள். ரூசியா என்ற மலைக்கொடிப் புதரின் மஞ்சள் மணிப்பூவுக்குள் தலையை முழுசாக நுழைத்துத் தேன் நக்கும், வெளியே வரும்போது தொண்டையில் மகரந்தம் அப்பியிருக்கும். அதே செடியின் பழத்தில் கசியும் கூழையும் அதே பல்லிதான் நக்கி, அதிலுள்ள பொடி விதைகளைப் பரப்புகிறது. ஒரு செடிக்குத் தேனீ வேலை, பறவை வேலை இரண்டையும் ஒரே பல்லி பார்ப்பது அபூர்வம். இதில் இப்போது வெள்ளைக்கால் எறும்பு ஒன்று, அதுவும் வெளியிலிருந்து வந்ததுதான், பூவிலும் பழத்திலும் மாவுப்பூச்சிகளைக் காவல் காத்துக்கொண்டு பல்லியை விரட்டுகிறது. எறும்பு ஏறிய செடியில் விதை பிடிப்பது குறைகிறது. டிரோச்செட்டியா என்ற இன்னொரு செடி, மொரிசியஸின் தேசியப் பூவுக்கு உறவு, தாழம் புதருக்குப் பக்கத்தில் நின்றால் அதிகம் காய்க்கிறது, தூரத்தில் நின்றால் குறைவு. காரணம், வல்லூறுக்குப் பயந்த பல்லி தாழை மடல்களுக்குள்தான் குடியிருக்கும், அங்கிருந்து வெகுதூரம் போகாது. அருவிப் பாறையில் தொங்கும் நெசோகோடன் என்ற வெளிர்நீலப் பூவில் தேன் இரத்தச் சிவப்பு நிறம். அந்தச் சிவப்பு பல்லியைக் கூப்பிடத்தான் என்பதையும், அந்த நிறம் எந்த வேதிப்பொருளால் வருகிறது என்பதையும் 2022இல் வெளியான ஆய்வு ஒன்று விளக்கியது. இப்போது சொல்லுங்கள், இந்தச் செடியை ஒரு தொட்டியில் பிடுங்கி வைத்துக்கொண்டு காப்பாற்றிவிட்டோம் என்று எப்படிச் சொல்வது?

தொட்டியும் கண்ணாடி வீடும் வேண்டாம் என்று சொல்லவரவில்லை. சில சமயம் அதுதான் ஒரே வழி. ரோட்ரிக்ஸில் காஃபே மரோன் என்ற காப்பிக் குடும்பச் செடி அற்றுப்போனதாகக் கருதப்பட்டது. 1980 வாக்கில் ஒரு பள்ளி மாணவன், ஆசிரியர் காட்டிய பழைய படத்தை வைத்து, சாலையோரத்தில் ஒரே ஒரு செடியைக் கண்டுபிடித்தான். செய்தி பரவியதும் நாட்டு மருந்துக்கென்று ஆட்கள் ஒடித்துப் போக ஆரம்பித்தார்கள், வேலிக்கு மேல் வேலி போட வேண்டியிருந்தது. 1986இல் வெட்டிய குச்சிகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், ஒன்று வேர் பிடித்தது. பூத்தது, பூத்துக்கொண்டே இருந்தது, காய்க்கவே இல்லை. 2003இல் அங்கே வேலை பார்த்த கார்லோஸ் மக்தலேனா, பூவின் சூலக முடியை வெட்டிவிட்டு வெட்டுவாயில் மகரந்தத்தைத் தடவிப் பார்த்து, ஒருவழியாக விதை எடுத்தார். பிறகு விதைகள் ரோட்ரிக்ஸுக்கே திரும்பிப் போயின. இந்தச் செடியின் இளம் இலை நீண்டு மெலிந்து பழுப்புத் திட்டுகளோடு செத்த இலை போலவே இருக்கும், வளர்ந்த பிறகு வரும் இலை அகலமாகப் பச்சையாக இருக்கும். ஆமைக்கு எட்டும் உயரம் வரை அதன் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கத்தான் இந்த வேஷம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆமை போன பிறகும் செடி அந்த வேஷத்தை விடவில்லை.

எல்லாவற்றுக்கும் இப்படி நல்ல முடிவு கிடைப்பதில்லை. மலையூரான க்யூர்பிப்பின் தாவரவியல் பூங்காவில் இரும்பு வேலிக்குள் நிற்கிறது ஹையோஃபோர்பே அமரிகாலிஸ் என்ற பனை, பாட்டில் பனைக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அந்த இனத்தில் உலகத்தில் தெரிந்த மரம் அது ஒன்றுதான். மெலிந்த உயரமான மரம், தலையில் கொஞ்சம் மட்டைகள், பார்க்க ஒன்றும் விசேஷமாக இராது. ஒரே குலையில் ஆண் பூ முதலில் மலர்ந்து உதிர்ந்த பிறகுதான் பெண் பூ மலரும், ஆகையால் துணை மரம் இல்லாமல் காய் பிடிப்பது மிகக் கடினம். அபூர்வமாகக் கிடைத்த விதையிலிருந்து கருவை எடுத்து ஆய்வகக் குப்பியில் முளைக்கவைத்திருக்கிறார்கள், ஆனால் குப்பியைவிட்டு மண்ணுக்கு மாற்றியதும் நாற்றுகள் தங்கவில்லை. அந்த மரத்தடியில் நின்றபோது எனக்கு வந்தது வருத்தம் என்பதைவிட ஆத்திரம். மரம் நன்றாகத்தான் இருந்தது. புதுக் குருத்து விட்டிருந்தது. ஆனால் இந்த இனத்துக்கு நூறு மரம் மிச்சமிருந்த காலம் ஒன்று இருந்திருக்கும், அப்போது யாராவது நாலு பேர் களையெடுத்திருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

மொரிசியஸ் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். இல் ஓ ஸெக்ரெட்டுக்கு மாஹேபூர் அருகே புவான்ட் ஜெரோமிலிருந்து படகு, வழிகாட்டியோடு மட்டுமே போகலாம், கட்டணம் அறக்கட்டளைக்குப் போகிறது. விமான நிலையம் பக்கம்தான், கிளம்பும் நாளில்கூடப் பார்த்துவிடலாம். லெ பெத்ரேனில் பூங்கா வாசலிலேயே சொந்தச் செடிகளுக்கு நடுவே நடைபாதை இருக்கிறது, கங்கா தலாவோ கோயில் போகிறவர்கள் அந்தப் பக்கமாகத்தான் போவார்கள், அரை மணி நேரம் ஒதுக்குங்கள். க்யூர்பிப் பனையைப் பார்க்க வழி கேட்டால் பூங்காக்காரர்கள் காட்டுவார்கள். கொய்யா பருவமென்றால் தாராளமாகப் பறித்துத் தின்னுங்கள், ஆனால் விதையைக் காட்டுப் பாதையில் துப்பாதீர்கள். காட்டுக்குள் நுழையும் முன் காலணியின் அடியைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போங்கள், போன ஊர் மண்ணோடு எந்த விதை ஒட்டிக்கொண்டு வருகிறது என்று நமக்குத் தெரியாது.